புளியமரத்து வளைவில் எண்ணெய்

1974, மாசி மாதம். காலை ஆறரை மணிக்குச் செல்லத்துரை விழுந்தான். ஏலப்பாறை எஸ்டேட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்ட வந்தவன். ஒத்திகையில், புளியமரத்து வளைவில் வண்டி சறுக்கிக் கால் முறிந்துவிட்டது. தார் மேல் எண்ணெய் பளபளத்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கந்தப்பன் வருவதற்குள் ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது: நல்லமுத்துதான். கம்பம் ஊரைச் சேர்ந்த அந்தக் கான்ட்ராக்டர் ஊருக்கு வெளியே புதிய பந்தயத் திடல் கட்டத் துடிப்பவர். மாரியம்மன் கோவிலைச் சுற்றி ஓடும் பழைய தடமே போதுமா, அதை மூடிவிட்டுப் புதுத் திடலுக்குப் போவதா? பத்து மணிக்குப் பந்தயக் கமிட்டியில் ஓட்டு.

கந்தப்பனுக்கு அந்தத் தடம் என்றால் உயிர். இளவயதில் அதில் கோப்பை வாங்கியவர். நல்லமுத்து கையில் விலங்கு ஏறினால் தடம் பிழைத்துவிடும்.

கமிட்டித் தலைவர் பொங்கியண்ணன் முன்னால் வந்தார். கோவில் தர்மகர்த்தாவும் அவரே. கோவிலின் ஒரே சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"ஏனுங்க தம்பி, இன்னும் என்ன ரோசனை? அவனை ஜீப்புல ஏத்துங்க."

கந்தப்பன் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். வண்டி எண்ணெய் இல்லை, கெட்டியான விளக்கெண்ணெய். செருப்பைக் கழற்றிவிட்டு, கோவில் கம்பிக் கதவு முன் நின்று கும்பிட்டார். உள்ளே ஒரே இருட்டு. அம்மன் முகமே தெரியவில்லை.

பிறகு நல்லமுத்துவை விசாரித்தார். மூன்று வருடமாகப் பந்தயத்தன்று மட்டும் வந்து பார்ப்பவராம். இந்தமுறை ஓட்டுக்காக முன்கூட்டியே வந்து ராத்திரி லாட்ஜில் தூங்கினாராம், சாட்சி கிடையாதாம்.

"எனக்கு ஒண்ணு புரியல சார். அந்த வளைவு நல்ல ஏத்தமாச்சே, வண்டி திணறிக்கிட்டுத்தான ஏறும்? அங்க எண்ணெய ஊத்துனா எவன் விழுவான்?"

கந்தப்பன் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

பத்து மணி. சத்திரத்தில் கமிட்டி கூடியது. கட்டுப்போட்ட காலோடு செல்லத்துரை பெஞ்சில் சாய்ந்திருந்தான்.

"பந்தயம் அம்மனை வலமா வரும். அப்ப அந்த வளைவு ஏத்தம்," என்றார் கந்தப்பன். "ஆனா கோவில் திருவிழாக் கொடி ஏறாம நம்மூர்ல வலம் வர்றதில்லீங்க. ஒத்திகை இடமாத்தான் ஓடும். அப்ப அதே வளைவு இறக்கம். இது நல்லமுத்துக்குத் தெரியாது. ஊத்துனவன் நம்மூர்க்காரன்."

கந்தப்பன் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஊத்துனது விளக்கெண்ணெய். விடியறப்ப எரியற அம்மன் விளக்கு இன்னிக்கு எரியல. சாவி உங்க இடுப்புல இருக்குதுங்கண்ணா."

பொங்கியண்ணனின் கை தானாகச் சாவிக்குப் போனது. பழி நல்லமுத்து மேல் விழும், புதுத் திடல் பேச்சு அதோடு நிற்கும் என்று கணக்குப் போட்டாராம். கால் முறியும் என்று நினைக்கவில்லையாம்.

"நீங்களும் இந்தத் தடத்துல ஓடுனவர்தானுங்க தம்பி."

"அதனாலதான் சொல்றனுங்கண்ணா. பொய்யில நின்னா அது நாம ஓடுன தடமில்லீங்க."

சாவி கந்தப்பன் கைக்கு வந்தது. ஓட்டில் புதுத் திடல் ஜெயித்தது. இந்த வருடப் பந்தயம் மட்டும் பழைய தடத்திலேயே நடக்கட்டும் என்று செல்லத்துரை கேட்டுக்கொண்டான்; கொடியசைக்கும் வேலையையும் தனக்கே வாங்கிக்கொண்டான். நல்லமுத்து எழுந்து, புதுத் திடலிலும் வண்டிகள் வலமாகவே ஓடும் என்றார்.

"ஒத்திகை?" என்றான் செல்லத்துரை.

"கொடி ஏறுற வரைக்கும் இடந்தான்ப்பா. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே."

சத்திரமே சிரித்தது. கந்தப்பன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தி, அம்மனுக்கு விளக்கேற்றப் போனார்.