பதிவேட்டில் ஒரு காலிக் கட்டம்

“அது நம்ம சீட்டு.”

வேல்விழி நிமிர்ந்தாள். மழையில் நனைந்த தலையோடு ஒருவன்... புருவத்திலிருந்து சொட்டும் நீருக்கு அடியில், சிரிப்பதா முறைப்பதா என்று முடிவெடுக்காத இரண்டு கண்கள்.

“உங்க பேரா எழுதியிருக்கு?”

“மூணு வருஷமா குந்தறேன்மா. இனிமேதான் எழுதணும்.”

அவள் வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தான்.

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கிளம்பியிருந்தன. எல்லாமே வெள்ளை. மழைக்குப் பயந்து ஓடிவந்து ஏறியவள், கண்ணாடியில் இருந்த ரூட் நம்பரைப் பார்க்கவேயில்லை. பஸ் படப்பை சாலையில் திரும்பியபோதுதான் வழி மாறியது தெரிந்தது.

“இது லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போகாதா?”

“சேரப்பணஞ்சேரி போவுது. எங்க வூடு அங்கதான் கீது. ஹாஸ்டல் அந்தப் பக்கமாச்சே!”

அவள் கண்கள் நிறைந்தன. பஸ் வந்ததும் ஹாஸ்டலில் தலை எண்ணுவார்கள். ‘ஒரு புகார் வந்தாலும் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துரணும்’... அந்த வாக்கை வாங்கிக்கொண்டுதான் அப்பா வள்ளியூரிலிருந்து அனுப்பினார். தன் சம்பளம், தன் முடிவு என்று வாழ்ந்த ஐந்து மாதம் இன்றோடு சரியா...

“எறங்குமா. நானே கொண்டாந்து வுடறேன். பேரு எழிலரசன். கம்பெனி லைன்ல யாரை வேணா கேட்டுப்பாரு.”

ஷேர் ஆட்டோவில் அவள் விசும்பிக்கொண்டே வந்தாள்.

“அழுவாத. ஏற்கெனவே ரோடெல்லாம் தண்ணி.”

“கிண்டலா செய்யுதிய?” என்றவளுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. சீ... இவன் முன்னாலா சிரிப்பது!

ஹாஸ்டல் வாசலில் வார்டன் கோமதியம்மாள் பதிவேட்டோடு நின்றார்.

“வெளி ஆளோட வந்தா வீட்டுக்குச் சொல்லணும், அது ரூல்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தம்பி, உறவுமுறைக் கட்டத்துல அண்ணன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ. இதோட முடிஞ்சிடும்.”

எழிலரசன் பேனாவை வாங்கினான். தாளைத் தொடாமல் தயங்கினான். அவளுடைய ஈரக் கண்களைப் பார்த்தான்... அவளுக்காக எழுதக் குனிந்தான்.

“எழுதாதிய!”

பேனாவைப் பிடுங்கியது தன் கைதானா?

“அப்போ போன் போடணுமேம்மா...”

“நானே பேசுதேன் மேடம்.”

அப்பாவின் நம்பரை அழுத்தினாள். குரல் நடுங்கவில்லை.

“அப்பா... பஸ் மாறி ஏறிட்டேன். எழிலரசன்னு ஒருத்தர் பத்திரமா கொண்டுவந்து விட்டாவ. தப்பு என்மேலதான். ஆனா வேலைய விடமாட்டேன்ப்பா.”



“அஞ்சு மாசமாச்சு, நம்பர் பாத்து ஏறத் தெரியலையாக்கும்?” என்றார் அப்பா மாசானம். “நாளைக்காவது பாத்து ஏறு.”

நாளைக்கு! அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

எழிலரசன் கேட் அருகிலேயே நின்றிருந்தான். “ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். இன்னாத்துக்கு இவ்ளோ ரிஸ்க்கு?”

“எழுதிட்டா பெறவு மாத்த முடியாதுல்லா...”

“எதுக்கு மாத்தணும்?” கேட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டான்.

துப்பட்டா நுனியைத் திருகிய விரல்கள் நின்றன. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்கள அண்ணனா நெனைக்க... எனக்கு மனசு வரல.”