மடக்கி வைத்த பேனாக்கத்தி

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே ஓடிய நாற்பத்திரண்டாம் வருஷத்துப் பங்குனிக் கடைசியில், ஜெகநாதனும் மனைவி மணியம்மையும் பதினோரு நாள் பிள்ளையோடு திருத்தணியில் வந்து இறங்கினார்கள். மலையடிவாரத்தில் ஒரு பழைய ஓட்டு வீடுதான் கிடைத்தது.

பூட்டைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள், பிள்ளையைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"பச்ச ஒடம்புக்காரி. பக்கத்துல இரும்பு வெச்சிக்கோம்மா. எதுவும் அண்டாது."

ஜெகநாதன் சிரித்தான்.

"வெச்சிட்டுச் சிரிங்க நைனா."

அரிவாள்மனை, பாக்குவெட்டி எல்லாம் பட்டணத்திலேயே நின்றுவிட்டன. இருந்தது அவன் பென்சில் சீவும் பேனாக்கத்தி ஒன்றுதான். அதைப் பிரித்துக் காட்டினான்.

"ஆங், அது போதும். ஆனா தொறந்தே வைங்க. மூடிட்டா வெறும் மரப்பிடிதான்."

ஜெகநாதன் ஜாக்கிரதைக்காரன். பிரித்த கத்தியோடு ஓரடி நடக்கமாட்டான். பச்சைப் பிள்ளை பக்கத்தில் வைப்பானா? அவள் போனதும் மடக்கிப் பாயோரம் வைத்தான்.

உச்சி வெயிலில் ஓடு கொதித்தது. பின்கட்டு அறையிலிருந்து மட்டும் ஈரக்காற்று வந்தது. அதில் சுட்ட வசம்பின் வாசனை.

டிக்.

திரும்பினான். கத்தி பிரிந்து கிடந்தது. அலகு பின்கட்டைப் பார்த்தபடி.

"நீயா பிரிச்சே?"

"நானா? கண்ணையே தொறக்க முடியல. புள்ள கையில பட்டுடப் போவுது, எடுத்துடுங்க."

மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குடத்தோடு கிணற்றடிக்குப் போனான்.

மணியம்மையின் அலறல் கேட்டு ஓடிவந்தான்.

பாயில் பிள்ளை இல்லை.

பின்கட்டு வாசற்படிமேல் கிடந்தது. பாதி உடம்பு இருட்டுக்குள். சுற்றியிருந்த துணி மெல்ல மெல்ல உள்ளே இழுபட்டது.

கத்தியை எடுத்து, அலகின் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தான். வரவில்லை.

அவன் விரலுக்கு மேல் இன்னொரு விரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது. ஈரமாக. சில்லென்று.

"வுட்டுடு நைனா," காதருகே ஒரு குரல் கெஞ்சியது. "எனக்கும் பால் கட்டிகினு நோவுது."

மணியம்மை பாய்ந்து பிள்ளையைப் பறித்தாள். மூட்டையைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினார்கள். முனையில், ஸ்டேஷனிலிருந்து அவர்களை ஏற்றி வந்த வண்டிக்காரன் பாஷாவின் ஜட்கா நின்றது.

"ஸ்டேஷனுக்கு! சீக்கிரம்!"

இருவரும் பாஷாவின் முதுகை ஒட்டி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பிள்ளை மடியில் தூங்கியது. அப்போதுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

பத்தடி போகவில்லை. வண்டி பின்னால் சாய்ந்தது, குதிரை தடுமாறியது.

பாஷா திரும்பாமலே கத்தினான்.

"பின்பாரம் தூக்குது! கடைசியா ஏறின அம்மா, கொஞ்சம் முன்னாடி நகுந்து வாங்க!"

பின்பலகையில் யாரும் இல்லை.

மணியம்மையின் மடியில் பிள்ளை தலையை அந்தப் பக்கம் திருப்பி, தூக்கத்திலேயே வாயைக் குவித்துச் சப்பத் தொடங்கியது.