தாடையால் கேட்பவை

சாப்பாட்டு மேசைக் காலுக்கு வெளியே தரைக்கல்லில் இருந்த பற்கள் உள்ளே நகர்ந்து வந்திருந்தன.

ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர் தேநீரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் தரை. குவாரிக்கு நேரில் போய் அவரே தேர்ந்தெடுத்தது. மெருகேற்றிய பிறகுதான் பழுப்பு நிறத்தில் அந்த உருவம் தெரிந்தது: நீண்டு கூர்ந்த தாடை, அதன் இரு ஓரமும் வரிசையாகச் சின்ன வளையங்கள். கல்லில் கறை நகராது. தன் கண்தான் தப்பாக அளந்திருக்கும் என்று நிமிர்ந்தார். கண்ணளவில் விரற்கடை பிசகாதவர் என்று பெயரெடுத்தவர் அவர்.

அந்தத் தாடைக்குப் பக்கத்தில், கன்னத்தைக் கல்லில் அழுத்தியபடி, மனைவி படுத்திருந்தாள்.

"எந்திரி. யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?"

"யாருங்க வரப்போறாங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

வீட்டுக்குச் சொல்லாமல் ஒருவனோடு கிளம்பிப்போன மகள் படகு கவிழ்ந்து இறந்த செய்தி வந்ததிலிருந்து இப்படித்தான். உடல் கிடைக்கவில்லை. "வெளியூர்ல வேலை பார்க்குறா, அவ்வளவுதான். நம்ம வீட்டு அழுகை வாசலைத் தாண்டக் கூடாது" என்று அன்றே சொல்லிவிட்டார். மனைவி தாண்டவிடவில்லை. அழவே இல்லை. தரையில் படுத்துக்கொண்டாள்.

அவள் தம்பி அருங்காட்சியகத்தில் பழைய எலும்புகளைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கிறவன். அக்காவைப் பார்க்க வந்தவன் தரையைப் பார்த்ததும் செருப்போடு மண்டியிட்டுவிட்டான்.

"அத்தான், பாலம் கட்டின உங்களுக்குக் காலுக்குக் கீழ என்ன ஓடுதுன்னு தெரியலையே! இது பல் திமிங்கிலம். டால்பினுக்கெல்லாம் பாட்டன் முப்பாட்டன் வகை. ரொட்டியைச் சீவுற மாதிரி கல்லைச் சீவுறப்போ இதையும் சேர்த்துச் சீவிட்டாங்க. இந்த வளையமெல்லாம் குறுக்கா வெட்டுப்பட்ட பல்லு."

"செத்ததுதானே?"

"கோடி வருசத்துக்கு முன்னாடியே." சிரித்தவன், அக்கா படுத்திருந்த விதத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "இதுங்க தாடையாலதான் கேட்கும். கீழ்த்தாடைக்குள்ள கொழுப்பு இருக்கும், அது வழியாச் சத்தம் உள்ள போகும். இருட்டுத் தண்ணியில டக் டக்குனு சத்தம் விட்டுட்டு, திரும்பி வர்றதை வெச்சு எதிர்ல யாருன்னு கண்டுபிடிக்கும்."

"தெரியும்டா" என்றாள் அக்கா தரையிலிருந்து. "கேட்டுக்கிட்டேதான இருக்கேன்."

வாசலுக்கு வந்ததும் தம்பி குரலைத் தாழ்த்தினான். "அந்தக் கல்லுங்களைக் குடுத்துடுங்க அத்தான், வேற கல் நானே போட்டுத் தர்றேன். அக்காவையும் கொஞ்ச நாள் என்கூட அனுப்புங்க. விட்டா இவளும் நமக்கு மிஞ்ச மாட்டா."

"தரையைப் பேர்த்தா ஏன்னு நாலு பேர் கேட்பான். அவளை அனுப்பினா நாப்பது பேர் கேட்பான்."

"கேட்கட்டுமே! வாய்விட்டு அழட்டுமே அவ!"

"கிளம்புங்க மச்சான்."

அதற்குப் பிறகுதான் சத்தம் தொடங்கியது. சமையலறைக் குழாய் சொட்டுகிறதென்று இறுக்கினார், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார், ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். ஆனாலும் அந்த டக், டக், உலர்ந்து, பொறுமையாக, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது போல இடைவெளி விட்டு வந்துகொண்டே இருந்தது. கூடத்தில் உப்பு வாடை. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வீட்டில் ஈர மணலின் குளிர். சத்தம் மனைவியின் வாயிலிருந்துதான் வந்தது. பல்லோடு பல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"நான் இங்க இருக்கேன்னு சொல்றேன். நம்ம பொண்ணு இருட்டுல தேடுறா."

வாழ்க்கையில் முதல்முறையாக அவளருகில் தரையில் உட்கார்ந்தார். கை நீட்டி அவள் தலையைத் தொட வேண்டும் போலிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். பொறியாளர் எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டார்.

திரும்பினார். அவள் இல்லை.

அறைகளில் இல்லை. குளியலறையில் இல்லை. முன்கதவு, பின்கதவு, இரண்டும் உள்ளே தாழிட்டபடி.

தரையைப் பார்த்தார்.

திமிங்கிலத்துக்குப் பக்கத்தில், வெற்றாக இருந்த கல்லில், புதிய கோடுகள். மெல்லிய, வளைந்த தாடை. அதனுள் சின்னப் பற்கள், ஒரு கடைவாய்ப் பல்லின் இடம் காலி. போன வருடம் அவர்தான் அழைத்துப் போய்ப் பிடுங்கவைத்தார். அந்தத் தாடைக்கு ஒட்டினாற்போல் இன்னொன்று. இளையது.

பார்க்கப் பார்க்கக் கோடுகள் மாறின. தாடை போய்க் கன்ன எலும்பு. கன்னம் போய் இரண்டு கண்குழிகள். அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். கல் அவளைச் சீவிச் சீவிக் காட்டியது. கண்களும் போய், மண்டை வெறும் வளையமாயிற்று. தட்டளவு. கிண்ணமளவு.

"வேண்டாம்மா" என்றார். நகங்களால் கல்லைப் பிறாண்டினார். "அழு. சத்தமா அழு. ஊரே கேட்கட்டும்."

நாணயமளவு.

புள்ளி.

வெறும் கல்.

முதுகு வளைத்து, கன்னத்தைக் கல்லில் வைத்தார். குளிர் தாடை வழியே ஏறியது. காதுக்கு எட்டாத ஆழத்தில் இரண்டு சத்தங்கள், ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு, அவரைக் கேட்காமல், விலகிப் போயின. பல்லைத் தட்டினார். டக். யாரும் திரும்பவில்லை. டக். டக். உதட்டில் ரத்தம் வரும்வரை.

பதில் வந்தது.

அவளுடையது அல்ல. மகளுடையதும் அல்ல. கனமானது. நெருங்கியது.

அவர் முகத்துக்கு இந்தப் பக்கம் கல்லில் ஒரு பழுப்புப் புள்ளி. அந்தப் பக்கம் ஒன்று. பிறகு வரிசையாக. இரு பக்கமும். புள்ளிகள் வளையங்களாக விரிந்தன. வளையங்கள் பெருத்தன.

அவர் கன்னத்தை எடுக்கவில்லை.