தொட்டிக்குள் போன கயிறு

விடுப்பு முடிந்து அக்கா தொட்டிக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அதே பழைய வாடைதான் அடித்தது: ஊறின மரம், சேறு, தார். கடலடியிலிருந்து எடுத்த பழங்காலக் கப்பலின் விலா மரங்கள் தொட்டியில் முழங்கால் ஆழத் தண்ணீரில் கிடந்தன. ஈரம் போனால் அந்த மரமெல்லாம் வெடித்துச் சிதறிவிடும்.

அந்தக் கப்பல்தான் தம்பியைக் கொண்டுபோனது. அவன் மூழ்கி அளவெடுப்பான். படகில் அக்கா அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பாள். ஒருமுறை இழுத்தால் ‘நல்லா இருக்கேன்’. விடாமல் இழுத்தால் ‘மேலே தூக்கு’. அன்று ஒரு மரம் சரிந்து கயிறு சிக்கிக்கொண்டது. கடல் பொங்கவும், தேடினது போதும் என்று குழுத் தலைவர் படகுகளைத் திருப்பிவிட்டார். கடல் அடங்கிய பிறகு அந்த மரம் வந்தது, அதைச் சுற்றிய கயிறும் வந்தது. தம்பி வரவில்லை.

படம் வரைந்து பதியாமல் மரத்திலிருந்து எதையும் அறுக்கக் கூடாது என்பது அவர்கள் தொழில்முறை. வரைய யாருக்கும் மனம் வராததால் கயிறு மரத்தைச் சுற்றியபடியே, நுனி தொட்டி விளிம்பில் தொங்கியது. இன்று தண்ணீரை வடித்து, மரம் வெடிக்காதிருக்க ஈரத்துக்குப் பதிலாக மெழுகு ஏற்றப் போகிறார்கள். அதற்குள் அவளே வரைந்து அறுத்தாக வேண்டும். கயிற்றைக் கையில் எடுத்தாள்.

கயிறு ஒருமுறை இழுத்தது.

தண்ணீரில் சலனமே இல்லை.

“டேய்... நீயாடா?”

மறுபடி ஒருமுறை. நல்லா இருக்கேன்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதிக்கும்போதும் “ஒண்ணுமில்லக்கா” என்று சொல்கிற பயல். செத்தும் அக்காவிடம் அதே பொய்.

தலைவர் உள்ளே வந்தார். “இன்னும் அறுக்கலையாம்மா? தண்ணியை வடிக்கணுமே.”

“கீழ ஆள் இருக்கான் சார். ஆள் கீழ இருக்கும்போது கயித்த விடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

“முழங்கால் தண்ணியிலயா? குடும்மா இப்படி.” அதட்டலாகத்தான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அவர் கை வெடுக்கென்று கீழே போனது.

மறுபடியும்.

மறுபடியும். விடாமல்.

அக்காவிடம் மறைத்ததை அவன் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஐயோ, தூக்கச் சொல்றானேம்மா...” தலைவர் மண்டியிட்டுக் கயிற்றை வாரி இழுத்தார். அவளும் கூடப் பிடித்தாள். விலா மரம் கிடந்த இடத்தில் அசையாமல் கிடந்தது. கயிறு மட்டும் அந்த முழங்கால் தண்ணீரிலிருந்து வந்தது, வந்துகொண்டே இருந்தது. தரையெல்லாம் ஈரக் கயிறு குவிந்தது. இருவர் உள்ளங்கையும் உரிந்து ரத்தம் கசிந்தது.

அடியில் ஆளின் கனம் அப்படியே இருந்தது.