மூடியில் உப்பிய ரப்பர்

கைக்குழந்தையோடு வந்த பெண் உட்கார மறுத்தாள். அவள் புருஷன் ஓட்டிய பழைய பிக்கப் வண்டி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாய்ந்து ஒரு தபால்காரரைக் கொன்றிருந்தது. அன்று காலை பிரேக் திரவத்துக்குப் பதில் இன்ஜின் எண்ணெயை டிரைவரே ஊற்றினான், கண்ணால் பார்த்தேன் என்று வண்டிக்குச் சொந்தக்காரரான செங்கல் சூளை முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். கால் ஒடிந்து கிடந்தவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார்.

"பிரசவத்துக்குப் பத்து நாள் எங்கம்மா ஊர்ல என்கூடதான் இருந்தாரு. அன்னைக்கு ஆறு மணிக்குத்தான் வேலைக்குத் திரும்பினாரு. எட்டரைக்கு இப்படி ஆயிடுச்சு."

அக்கா தலையசைத்தாள். போன வருஷம் வரை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுத்த வாகன ஆய்வாளர். இப்போது விபத்து வண்டிகளைப் பார்த்துக் காரணம் சொல்பவள். எதைக் கண்டாலும் துப்புக் கிடைத்துவிட்டதாகத் துள்ளும் தங்கைதான் அவளுக்குத் துணை.

ஸ்டேஷன் வளாகத்தில் நின்ற வண்டியின் பானெட்டைத் தூக்கினார்கள். பிரேக் திரவ டப்பியின் மூடிக்கு அடியிலிருந்த ரப்பர், தவளைத் தொண்டை போல உப்பி, மூடிக்குள் திரும்ப அடங்க மறுத்தது. டப்பிக்குக் கீழே பழைய கசிவு கரும்பிசுக்காகக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா வண்டியின் நம்பரை இன்னொரு முறை படித்தாள். ஏன் என்று தங்கை கேட்டதும் பானெட்டை மூடினாள்.

சூளையில் முதலாளி நகத்தைக் கடித்துத் தரையில் துப்பிக்கொண்டே பேசினார். அந்தப் பத்து நாளும் வேறு ஆள் வைக்காமல் வண்டியைத் தானே ஓட்டியதாகப் பெருமைப்பட்டார். டிரைவர் ஊற்றியதாக அவர் காட்டிய டின்னிலிருந்து அக்கா கொஞ்சம் எண்ணெய் வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது நாள் கழித்து, காலை எட்டரை மணிக்கு, இன்ஸ்பெக்டரோடு போய் முதலாளியின் மேஜைமேல் இரண்டு கண்ணாடிக் குப்பிகளையும் வண்டியின் பிரேக் டப்பி மூடியையும் வைத்தாள்.

"ரெண்டும் உங்க டின் எண்ணெய்தான். ரெண்டுலயும் அதே அளவு புது ரப்பர். இது இன்னைக்கு ஆறு மணிக்குப் போட்டது."

தங்கை அதை எடுத்து மூடியில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மற்றது பிதுங்கி வழிந்தது. அக்கா அதைக் காட்டினாள்.

"இது ஒம்பது நாள் ஊறினது. ரெண்டரை மணி நேரத்துல ரப்பர் உப்பாது சார். அவர் ஊர்ல இல்லாதப்ப ஊத்தின எண்ணெய் இது. பிரேக்குக்குள்ள இருக்கிற ரப்பரும் இப்படி உப்பித்தான் பிரேக் போச்சு."

முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "திரவம் குறைஞ்சிருந்துச்சு, ஊத்தினேன். எண்ணெய்னா எல்லாம் எண்ணெய்தானேன்னு. கடைசி ரெண்டு நாளா பிரேக் சரியாப் பிடிக்கலை."

"பிரேக் சரியில்லைன்னு தெரிஞ்சும் சாவியக் கொடுத்தீங்களா?" என்றாள் அக்கா.

"டிரைவர்தானே, சமாளிச்சுக்குவான்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டு மறுபடி நகத்தைக் கடித்தார். அந்த விரலைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா வெளியே வந்தாள். டிரைவருக்கு வைத்த காவலை இன்ஸ்பெக்டர் போனிலேயே விலக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அறிக்கை எழுதிய தங்கை பேனாவை நிறுத்தினாள். "திரவம் ஏன்க்கா குறைஞ்சுது?"

"பழைய கசிவு. ரெண்டு வருஷமாவது இருக்கும்."

"அப்போ போன வருஷம் தகுதிச் சான்று கொடுத்தவங்க பார்க்கலையா?"

வெயில் தாங்காமல், பானெட்டைத் தூக்காமல், விளக்கை மட்டும் போடச் சொல்லிவிட்டு இந்த வண்டிக்குக் கையெழுத்திட்ட நடுப்பகல் அக்காவின் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் முதலாளிமேல் வந்த அருவருப்பில் பாதி யாருக்கானது என்று அவளுக்குத் தெரியும்.

"பார்க்கலை," என்றாள். "அதையும் எழுது. என் பேரைப் போட்டு எழுது."