மைதேய் இறக்கி வைக்காத பானை

பஸ் போன பிறகும் அது கிளப்பிய புழுதி அடங்கவில்லை. ஆகஸ்ட் மாதத்துக் குளிர்காற்றில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நியாம்வுரா பள்ளிக்கூட வாசலில் நெட்சாய் கொஞ்ச நேரம் நின்றாள். அறுபத்தோரு வயது. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் அவளுடைய அசதி முழங்காலில் இல்லை. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது. எந்த நாள், எந்த வேளையில் தொடங்கியது என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து நடந்த போரில் அந்தச் சின்ன ஊரின் பங்கை நினைவுகூரும் தியாகிகள் நாள். மைதானத்தில் புதுக் கல்தூண் ஒன்று துணி போர்த்தி நின்றது. இறந்த போராளிகளின் பெயர்கள் அதில் இருந்தன. அவர்களுக்குச் சோறு சுமந்த பெண்களின் பெயர்களும் கீழே இருந்தன. அந்தப் பெண்களில் உயிரோடு இருப்பவள் நெட்சாய் மட்டும்தான். இன்று அவளுக்குப் பதக்கம்.

சமையல் புகைக்குள்ளிருந்து மாய் முகோனோ துடுப்போடு வந்தாள்.

"வாக்கா! வருஷா வருஷம் ஒரு சாக்கு. போன தடவை ஆடு குட்டி போட்டுச்சுன்ன. இந்தத் தடவை அந்த ஆட்டையும் கூட்டிட்டு வருவியோன்னு பார்த்தேன்."

நெட்சாய் சிரித்தாள். அவள் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. மாய் முகோனோ, நெட்சாயின் சின்ன வயதுத் தோழி மைதேயின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள்.

"கால் நிக்கல. எங்கயாவது கொஞ்சம் சாயணும்."

"பழைய தையல் கிளாஸ்ல போய்ப் படு. உன் பேர் வர்றப்ப கூப்பிடறேன்."

அறையில் வௌவால் எச்சமும் பழைய துணியும் கலந்த வாடை. பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினாள். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வரவில்லை.

கூட்டத்தின் இரைச்சல், பிள்ளைகளின் கூச்சல், காற்று எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோயின. அடிப்பிடித்த சட்ஸாக் களியின் கருகல் வாசனை வந்தது. கல் அடுப்பில் அவசரமாகக் கிண்டிய களி.

சுவருக்கு வெளியே காலடிச் சத்தம். பாரம் சுமப்பவரின் நடை. நாலடி நடந்து நிற்கும். ஒரு பெருமூச்சு. மறுபடி நாலடி.

வாசலில் வந்து நின்றது.

"நெட்சாய்... கொஞ்சம் பிடிடி."

பதினைந்து வயதுக் குரல்.

"கை வலிக்குதுடி."

நெட்சாய் கண்ணைத் திறந்தாள். வெயிலை மறைத்துக்கொண்டு, தலையில் பெரிய பானையோடு, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி மைதேய் நின்றிருந்தாள். அவளுக்குக் கழுத்து இல்லை. நாற்பத்தாறு வருடப் பாரம் அதைத் தோளுக்குள் அழுத்திவிட்டிருந்தது.

அன்று சோறு கொண்டுபோகும் முறை நெட்சாயுடையது. மூன்று நாள் தூக்கமில்லாத அலுப்பில், வயிற்றுவலி என்று பொய் சொன்னாள். மைதேய் ஒன்றும் கேட்காமல் பானையைத் தூக்கிக்கொண்டாள். அவள் போன தடத்திலேயே வெள்ளையர் பட்டாளம், போராளிகள் பதுங்கியிருந்த குன்றுக்குப் போனது. இரண்டு போராளிகள் செத்தார்கள். மறுநாள் தப்பிய போராளிகள் ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டார்கள்: "நேத்து யாரோட முறை? இவ எதுக்குப் போனா?"

மைதேய் நெட்சாயைப் பார்த்தாள். நெட்சாய் தரையைப் பார்த்தாள்.

அது போதுமாயிருந்தது. காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். தடிகளால் அடித்தே கொன்றார்கள். யாரும் அழக்கூடாது என்றார்கள். உடலைப் போட்ட இடம் சோறு சுமந்த பெண்களுக்கு மட்டுமே தெரியும்.

"எறக்கி வைடி," என்றாள் நெட்சாய். "தரையிலயே வைடி, மைதேய்."

"எறங்க மாட்டேங்குது. நீ சொல்லாம எறங்க மாட்டேங்குதுடி."

பானையின் மூடி மெல்ல அசைந்தது. உள்ளே எதுவோ விரலால் தட்டியது.

நெட்சாய் எப்படி வெளியே ஓடி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேடையில் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலர் பதக்கத்தை அவள் கழுத்தில் போடக் குனிந்தார். அவள் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"அது என் முறை. நான் பொய் சொன்னேன். எனக்குப் பதிலா மைதேய் போனா. அவ காட்டிக்கொடுக்கல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல."

கவுன்சிலர் அவசரமாகச் சிரித்து, "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கல போல," என்று பாண்டுக்காரர்களுக்குக் கை காட்டினார். யாரும் வாசிக்கவில்லை.

மாய் முகோனோ துடுப்பைக் கீழே போட்டுவிட்டு மேடைக்கே வந்தாள். அடிப்பாள் என்றுதான் நெட்சாய் நினைத்தாள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"எங்க மாமியா சாகிற வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லி அழுததில்லக்கா," என்றாள் அவள். "உன்ன மன்னிக்கிறேனான்னு கேக்காத. அவளை எங்க போட்டாங்கன்னு மட்டும் காட்டு."

பொழுது சாய்வதற்குள் நெட்சாய் காட்டினாள். பள்ளிக்குப் பின்னால், கரையான் புற்றைத் தாண்டி, முள்மரத்தடியில். மைதேயின் தம்பி மண்டியிட்டு, இறந்தவரை வணங்கும் வழக்கப்படி கைதட்டி, அக்காவை விளித்தான். ஆளுக்கொரு கல் வைத்தார்கள். சின்னக் குவியல். கடைசிக் கல்லை நெட்சாய் வைத்தபோது, ஏதோ கனமான பொருள் பக்கத்துத் தரையில் மெதுவாக இறங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பதக்கத்தை மேடையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பினாள். அன்று அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

வெயில் ஏறிய பிறகு போன் அடித்தது. மாய் முகோனோ. மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்கா, நேத்து நாம ஒரு குவியல்தானே வச்சோம்?"

"ஆமா."

"இப்ப பன்னெண்டு இருக்கு."

நெட்சாய் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஊர்ல ஒருத்தரும் வைக்கலங்கறாங்க. கல்லெல்லாம் ஆத்துக்கல்லு. பாசியோட, சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு." குரல் தாழ்ந்தது. "ஆறு வத்தி மூணு மாசமாச்சுக்கா. அந்தக் காலத்துல அங்க இன்னும் யார் யாரைக் கொண்டுபோய்ப் போட்டாங்க?"

நெட்சாய்க்கு நான்கு பெயர்கள் தெரியும். மற்ற ஏழு பேர் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே, அவள் பெருக்கி வைத்திருந்த முற்றத்தில், யாரோ ஒரு கல்லைக் கீழே வைத்தார்கள்.