ஏரியைக் காட்டாத அம்பு

"ஏரி எங்கே இருக்கு?" என்று கேட்டார் அந்தச் சைக்கிள்காரர்.

நேசா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். அவருடைய முகமெல்லாம் வியர்வை, காலெல்லாம் புழுதி. அகலமான டயர் போட்ட சைக்கிளைப் பிடித்தபடி, தொழுவத்தையும் சாணக் குவியலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏரி இந்தப் பக்கம் இல்லீங்க. கீழே பாதை பிரியுதுல்ல, அங்க இடது பக்கம் போயிருக்கணும்."

"அம்பு வலது பக்கம்தானேம்மா காட்டுச்சு?"

இந்த வாரத்தில் இப்படி வந்து நின்ற பதினோராவது ஆள் இவர்.

கோடை வந்துவிட்டால் நேசாவும் அவள் அப்பா யாக்கனும் மாடுகளோடு இந்த மலைமேய்ச்சலுக்கு ஏறிவிடுவார்கள். அம்மாவுக்குக் கீழே ஊரில் ரொட்டிக்கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வருவாள். மற்ற நாட்களில் இங்கே பேச்சுத்துணைக்கு அப்பாவும் இருபத்திரண்டு பசுக்களும்தான். அப்பாவைவிடப் பசுக்கள் அதிகம் பேசும்.

இந்த வருடம் ஊர்ச்சபை ஒரு வேலை செய்தது. காட்டு வழியாக மேலேறும் பழைய சரளைப் பாதையைச் செப்பனிட்டு, வெர்னா ஏரி வரைக்கும் சிவப்புப் பலகைகள் நட்டு, 'சைக்கிள் பாதை ஏழு' என்று பெயரும் வைத்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"ஏரி ஏரின்னு வராங்க. கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போறாங்க. கன்னுக்குட்டிங்களத் தேடி நான் மலை முழுக்க அலையணும்," என்று ஊர்ச்சபைக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருந்தார்.

சைக்கிள்காரருக்குத் தண்ணீரும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டு, நேசா தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். சக்கரத்தடியில் சரளை கரகரத்தது. பாதை பிரியும் இடத்தில் பலகையைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தினாள்.

அம்பு அவர்கள் தொழுவத்தைத்தான் காட்டியது.

ஆனால் நேற்றுச் சாயங்காலம் அவளே வந்து அதை ஏரிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். முந்தாநாளும் அப்படித்தான். இரும்புக் கம்பம் அசையுமே தவிர, தானாகச் சுற்றாது. காற்று எவ்வளவு அடித்தாலும் சுற்றாது. அவள் தள்ளிப் பார்த்தாள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் திரும்பியது.

அப்படியானால் யாரோ திருப்புகிறார்கள். யார்?

பலகையை மறுபடி சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்று மத்தியானம் அப்பா அதே பாதையில் மேலே ஏறி வந்தார். கையில் சுத்தியல்.

"எங்கப்பா போயிட்டு வரீங்க?"

"சும்மா. வேலி பாத்துட்டு வந்தேன்," என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்தப் பக்கம் பார்ப்பதற்கு வேலியே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை உர்சினா ஜீப்பில் வந்தாள். பாதைகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. எப்போதும் சிரித்துக்கொண்டே இறங்குபவள், அன்று சிரிக்கவில்லை.

"யாக்கன், சுத்தி வளைக்காம கேக்குறேன். அந்தப் பலகையத் திருப்புறது நீங்களா?"

அப்பா பால் கேனைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நேத்து ஒரு அம்மாவும் ஆறு வயசுப் பையனும் வழி மாறி, மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு மணி நேரம் அலைஞ்சிருக்காங்க. பையன் நடுங்கிப் போயிட்டான். ஊர்ல எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அப்பா ஒருமுறை நேசாவைப் பார்த்தார். பிறகு கேனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ. இனிமே நடக்காம நான் பாத்துக்கிறேன்."

உர்சினா பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நேசாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? செய்திருந்தால்... அதற்குமேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டை மூடாதவர்களைத் திட்டுவார், சரி. ஆனால் சின்னப் பையன் மேகத்தில் அலையும்படி விடுகிறவரா அவளுடைய அப்பா?

கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும், "சூப்பு இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்றுதான் வந்தது.

சனிக்கிழமை பால் கறந்து முடிந்ததும் ரொட்டியும் ஒரு ஆப்பிளும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாதை பிரியும் இடத்துக்கு மேலே ஒரு பெரிய பாறை உண்டு. சைக்கிளைப் புதருக்குள் சாய்த்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அம்பு ஏரியைக் காட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சரளையில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

அப்பா.

நேசா ஆப்பிளைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். அப்பா பலகை அருகே போனார். கம்பத்தைப் பிடித்தார். தலையைச் சாய்த்து அம்பைப் பார்த்தார். அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அப்படியே வைத்து, அடியில் இருந்த கற்களைச் சுத்தியலால் தட்டி இறுக்கினார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நேசா. புதருக்குள்ள சைக்கிள் சக்கரம் தெரியுது. வெளியே வா."

அவள் தலையைக் குனிந்தபடி வந்தாள்.

"இங்க பாரு கண்ணு," என்று அப்பாதான் ஆரம்பித்தார். "மேல தனியா இருக்கிறது உனக்குக் கஷ்டம்தான். எனக்குத் தெரியாம இல்ல. ஆளுங்க வந்தா உனக்குப் பேச்சுத்துணை ஆச்சு. ஆனா அதுக்காகப் பலகையத் திருப்பலாமா?"

நேசா வாயைப் பிளந்தாள். "நானா?"

"பின்ன?"

"நான் உங்களத்தான் நெனச்சேன்ப்பா."

"என்னையா?" அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் தெனம் வந்து நிமித்தி வச்சுட்டுல்ல போறேன்?"

"நானும்தான் வந்து நிமித்தறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து பலகையைப் பார்த்தார்கள். குழப்பம் பாதியாகக் குறையும் என்று பார்த்தால் இரண்டு மடங்காகிவிட்டது.

"அப்ப உர்சினா அக்கா கேட்டப்ப ஏன் இல்லன்னு சொல்லல?"

"நான் இல்லன்னு சொன்னா, அடுத்து உன்னத்தானே கேப்பா?"

நேசா அப்பாவின் கையைப் பிடித்துப் பாறைப் பக்கம் இழுத்தாள். "வாங்கப்பா. இன்னிக்கு ரெண்டு பேருமா ஒளிஞ்சிருந்து பாக்கலாம்."

பாறைக்குப் பின்னால் அப்பா பாதிதான் மறைந்தார். ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். வெயில் ஏறியது. ஈக்கள் மொய்க்கத் தொடங்கின. சரிவிலிருந்து மணிச்சத்தம் இறங்கி வந்தது. மாடுகள்.

முன்னால் வந்தது மூரா, மந்தையிலேயே கனமான பழுப்புப் பசு. பாதையைக் கடந்து நேராகக் கம்பத்திடம் போனது. கழுத்தைச் சாய்த்து உரசியது. கண்ணை மூடிக்கொண்டது. பிறகு தோள், அப்புறம் முதுகு. கடைசியில் கொம்பைப் பலகையில் மாட்டி ஒரு தள்ளு தள்ளியது. அம்பு கிறீச்சென்று சுற்றித் தொழுவத்தைக் காட்டி நின்றது. அடுத்த பசு வரிசையில் காத்திருந்தது.

அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரித்து நேசா பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

"போன வாரம்தான் இதுங்கள இந்தப் பக்கம் மேய விட்டோம்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, கம்பத்தச் சுத்தி முள்கம்பி கட்டிடறேன்."

"வேணாம்ப்பா. பாவம், ஈ கடிக்குது. அதுங்க எங்க போய் சொறிஞ்சுக்கும்?" நேசா யோசித்தாள். "தொழுவம் கழுவுற பழைய பிரஷ் நாலஞ்சு கிடக்கே. அதோ அந்த மரக்கட்டையில ஆணியடிச்சு வச்சா? கம்பத்தவிட அது சுகமா இருக்கும்ல?"

அப்பா மரக்கட்டையைப் பார்த்தார். மூராவைப் பார்த்தார். சுத்தியலை அவளிடம் நீட்டினார்.

சாயங்காலத்துக்குள் மூரா கம்பத்தை மறந்தே போனது. அப்பா சொல்லி அனுப்பியதால் மறுநாள் காலை உர்சினா வந்து, பிரஷ்ஷுக்காகப் பசுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டாள். "கூட்டத்துல நான் ஒரு வார்த்தையும் பேசப் போறதில்ல. இதக் காட்டுனாப் போதும்," என்றவள் அப்பாவிடம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோங்க யாக்கன்."

"மன்னிப்புக் கேக்க வேண்டியது மூராதான்," என்றார் அப்பா.

திங்கட்கிழமை முழுவதும் தொழுவத்துக்கு ஒருவரும் வரவில்லை. நேசா பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் அப்பா.

"யாருமே வரல."

"வரக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடுபட்டோம்?"

"ஆமா. ஆனா..." ஆனாவுக்குப் பிறகு என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் ஏதோ குறைவதுபோல் இருந்தது.

அப்பா உள்ளே போய் ஒரு பலகைத் துண்டும் நீல பெயிண்ட்டும் கொண்டுவந்தார். "வெண்ணெய் கடைஞ்சா மிஞ்சற மோரெல்லாம் பன்னிக்குத்தான் போகுது. பாதை பிரியற இடத்துல இத வச்சுடலாம், வேணுங்கறவங்க வந்து குடிக்கட்டும். நீயே எழுது. நான் எழுதினா படிக்கத் தெரியாம ஏரிக்குள்ள போய் விழுவாங்க."

நேசா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'ஏரி இடது பக்கம். குளிர்ந்த மோர் வலது பக்கம்.'

மறுநாள் பதினொரு மணிக்குச் சரளை கரகரத்தது. நேசாவின் வயதில் ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் புழுதியோடு வந்து இறங்கினார்கள்.

"இங்கதானே மோரு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இங்கதான்," என்று சொல்லிவிட்டு நேசா உள்ளே ஓடினாள். மேசைமேல் மூன்று டம்ளர்கள் நிரம்பி நின்றன. அப்பா நான்காவதில் ஊற்றிக்கொண்டிருந்தார்.